வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி

கத்தோலிக்கத் திருச்சபைக்குள் நிகழும் பாலியல் அத்துமீறல்களைக் கையாளத் திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதம் பிறப்பித்த சட்டம். மூன்றாண்டு சோதனைக் காலத்துக்கென 2019 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 2023இல் திருத்தப்பட்டு நிரந்தரமானது. புகார்களை மூடிமறைத்த ஆயர்களையும் இது விசாரணைக்கு உட்படுத்துகிறது. இதன் உண்மையான கனம் இங்கேதான் இருக்கிறது. ஆயர் மீது புகார் எழுந்தால், வழக்கமாக உயர்மறைமாவட்டப் பேராயர் வத்திக்கானின் அனுமதியுடன் விசாரிப்பார். குருக்களும் துறவியரும் தாங்கள் அறியவரும் அத்துமீறலைத் தெரிவித்தே ஆகவேண்டும். புகார் கொடுத்தவரிடம் ‘வெளியே சொல்லமாட்டேன்’ என்று வாக்குறுதி வாங்கக் கூடாது. அவரைப் பழிவாங்கவும் கூடாது. பாதிக்கப்பட்டவருக்கு மருத்துவ, உளவியல், ஆன்மிக உதவி தரப்பட வேண்டும். சிறார் மட்டுமல்ல, அதிகாரத்தைக் காட்டி மிரட்டப்படும் அருட்சகோதரி, குருமாணவர் ஆகியோரும் இதன் பாதுகாப்புக்குள் வருகின்றனர்.

ஆயர்களை ஆயர்களே விசாரிப்பது இதன் பெருங்குறை. காவல்துறையிடம் தெரிவிப்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிடுகிறது. இந்தியாவில் அந்த இடைவெளியைப் போக்சோ சட்டம் (2012) நிரப்புகிறது: சிறார் மீதான பாலியல் குற்றத்தை அறிந்த எவரும், ஆயரே ஆனாலும், காவல்துறைக்குத் தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது.