முங்கிப் பார்த்தவர்கள்: நெய்யாற்றின்கரை–விளவங்கோடு எல்லைக் கடலும் பெருமீன் காட்சியின் வரலாறும்

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு வரும் நெடுஞ்சாலையில் மாநிலம் மாறுவதைப் பெயர்ப் பலகைகளும் சோதனைச் சாவடியும் சொல்லிவிடுகின்றன. அங்கிருந்து தென்மேற்கே இறங்கிக் கடற்கரையை அடைந்தால் நிலைமை வேறு. கேரளத்தின் பொழியூரும் தெற்குக் கொல்லங்கோடும் முடிகிற இடத்திலேயே தமிழ்நாட்டின் நீரோடி தொடங்கிவிடுகிறது. இரு பக்கத்தாரும் ஒரே கடலுக்குப் போகிறார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறார்கள். தமிழும் மலையாளமும் ஒரே வாக்கியத்தில் கலக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு கோரிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. இந்த எல்லைப் போராட்டம் குறித்து ஏராளமாக எழுதப்பட்டுள்ளது. அவற்றில் வயல் உண்டு, அணை உண்டு, மொழி உண்டு, துப்பாக்கிச் சூடு உண்டு. கடல் அநேகமாக இல்லை.

கடலடிக் காட்சி ஒரு சுற்றுலாப் பண்டமாகிவிட்ட இக்காலத்தில் அந்த விடுபடலுக்கு ஒரு தனி முக்கியத்துவம் வந்திருக்கிறது. முகத்தில் கண்ணாடி, வாயில் குழாய், காலில் துடுப்பு ஆகியவற்றோடு நீர்ப்பரப்பில் மிதந்தபடி திமிங்கிலச் சுறாவையும் ஆனைத்திருக்கையையும் பார்க்கும் ஸ்நார்க்கலிங் பயணங்கள் உலகின் பல கரைகளில் பெருந்தொழில். கோவளத்திலும் முக்குளிப்பு நிலையங்கள் நடக்கின்றன. இவற்றின் விளம்பரங்களைப் படிப்பவருக்கு, வெளியூர்ப் பயணி கண்ணாடி மாட்டிக்கொண்டு இறங்கும்வரை இக்கடலின் உட்புறத்தை யாரும் பார்த்ததே இல்லை என்று தோன்றக்கூடும். உண்மையில் பார்த்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் பார்த்ததை எழுதிவைக்க ஆவணங்களில் இடம் இருக்கவில்லை.

தமிழ்க் கரையில் நீருக்குள் மனிதரும் பெருமீனும் எதிர்ப்பட்டதைப் பற்றிய பழைய விரிவான குறிப்புகளுள் ஒன்று 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாபார் கரைக்கு வந்த மார்கோ போலோவின் பயண நூலில் இருக்கிறது. முத்துக்குளிப்போரைப் பெருமீன்கள் தாக்காமலிருக்க மந்திரம் சொல்வோர் உடன் சென்றனர் என்றும், எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கொடுக்கப்பட்டது என்றும் அது கூறுகிறது. கூடவே ஒரு நுட்பமான செய்தியும் உண்டு. அந்தக் கட்டு பகலுக்கு மட்டுமே; இரவில் அதை அவிழ்த்துவிடுவார்கள். இரவில் திருட்டுத்தனமாக முங்க நினைப்பவனுக்குக் காவலாக மீனையே நிறுத்திவைக்கும் ஏற்பாடு இது என்று கொண்டால், மந்திரத்துக்குப் பின்னிருக்கும் வருவாய்க் கணக்கு தெளிவாகிறது. ‘கடல்கட்டி’ என்று அழைக்கப்பட்ட இவர்களைப் பிற்காலத்தில் ஐரோப்பிய ஆட்சிகளும் கைவிடவில்லை. கடல்கட்டி இல்லாமல் குளிகாரர்கள் இறங்க மறுத்ததால் காலனி நிர்வாகமும் அவருக்குப் பங்கு அளந்தது. நிர்வாகத்தின் கண்ணில் பெருமீன் என்பது குளிப்பைத் தடைசெய்யும் ஓர் அபாயம். அதற்கு மேல் ஒன்றுமில்லை. எட்கர் தர்ஸ்டனும் ஜேம்ஸ் ஹார்னெலும் முத்து, சங்கு குறித்து எழுதியவை இன்றும் பயனுள்ளவை. அவற்றின் அக்கறை குளிகாரர் மேலே கொண்டுவந்ததைப் பற்றியது. கீழே அவர் கண்டதைக் கேட்டறியும் தேவை அந்த ஆவண மரபுக்கு அரிதாகவே எழுந்தது.

இதற்கு முற்பட்ட காலத்தில் உறவு இன்னும் சிக்கலானது. பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறது. அது இன்று வேளா என்று வழங்கும் கொம்புச் சுறாவின் முகவாள் என்று கொள்வதே பொருத்தம். அஞ்சியதையே வணங்கியவர்கள், வணங்கியதையே பிடித்தவர்களும் ஆவார்கள். வேட்டை ஒரு பக்கம், பாதுகாப்பு மறுபக்கம் என்று பிரிக்கும் இக்கால அளவுகோலுக்குள் இந்த உறவு அடங்காது.

எல்லைக் கரையில் முத்து இல்லை, சிப்பி உண்டு. மலபாரில் கல்லும்மக்காய் எனப்படுவதற்கு உறவான பழுப்புச் சிப்பி, கொல்லத்துக்குத் தெற்கே கன்னியாகுமரிவரை பாறைகளில் ஒட்டி வளர்கிறது. 1976இல் குரியாகோஸ், நாயர் ஆகிய இருவர் இதைப் பெர்னா இண்டிகா என்று தனி இனமாக விவரித்தனர். பின்னர் இது பெர்னா பெர்னா இனமே என்று கருதப்பட்டது. விழிஞ்ஞம், கோவளம், இனயம், குளச்சல், கடியபட்டணம், முட்டம் ஆகிய இடங்களில் இதை எடுப்பவர்கள் மூச்சடக்கி முங்குபவர்கள். முகத்தில் கண்ணாடி, இடுப்பில் வலைப்பை, கையில் இரும்பு உளி, இவ்வளவுதான் கருவி. மழைக்காலக் கலங்கல் அடங்கிக் கடல் தெளியும் மாதங்களே இவர்களுக்கு வேலைக்காலம். சுற்றுலாக்காரர் கடலடி பார்க்க வருவதும் அதே மாதங்களில்தான். கருவி அநேகமாக ஒன்று, பருவம் ஒன்று, நீர் ஒன்று. ஒருவர் செய்வதற்குப் பெயர் கூலி உழைப்பு. மற்றவர் செய்வதற்குப் பெயர் சாகசம்.

ஸ்நார்க்கல் என்ற சொல்லின் கதையையும் இங்கே சொல்லலாம். இரண்டாம் உலகப்போரில் செருமானிய நீர்மூழ்கிக் கப்பல்கள் நீருக்கடியில் இருந்தபடியே காற்று இழுத்துக்கொள்ளப் பயன்படுத்திய குழாயின் பெயர் அது. போர் முடிந்த ஆண்டுகளில் அது பொழுதுபோக்குக்கு வந்தது. தமிழ் நிலத்துக்கு அருகில் இந்தப் புதிய கடலடிப் பார்வையைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஆர்தர் சி. கிளார்க். எல்லைக் கோடு வரையப்பட்ட அதே 1956இல் அவர் இலங்கையில் குடியேறினார். அவரும் மைக் வில்சனும் திருக்கோணமலைச் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் இறங்கிக் கோணேசுவரர் கோயிலின் சிதைவுகளைக் கண்டனர். 1957இல் அவருடைய ‘தி ரீஃப்ஸ் ஆஃப் டாப்ரபேன்’ வெளியாயிற்று. ஒரே கடலில் முங்கியவர்களில் எழுதியவர் கண்டுபிடிப்பாளர் ஆனார். எழுதாத குளிகாரர் பின்னணி ஆனார். கிளார்க்கின் தகுதியைக் குறைப்பதற்காக இதைச் சொல்ல வேண்டியதில்லை. எழுத்து என்ன செய்கிறது என்பதற்கு இது சான்று.

எழுதப்படாத அறிவு எத்தகையது என்பதற்குக் ‘கணிச்சம்’ நல்ல எடுத்துக்காட்டு. நடுக்கடலில் கண்ணுக்குத் தெரியாத பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டை, தூண்டில்காரர் கண்டடையும் முறை இது. கரையில் தெரியும் இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில் வரும்படி மரத்தை நிறுத்த வேண்டும். வேறொரு திசையில் இன்னும் இரண்டு அடையாளங்களையும் அவ்வாறே பொருத்த வேண்டும். கோடுகள் இரண்டும் வெட்டும் இடம்தான் பார். மலைமுகடும் தேவாலயக் கோபுரமுமே அடையாளங்கள். அவை எந்த மாநிலத்தில் நிற்கின்றன என்பது இந்தக் கணக்கில் வராது. திருவனந்தபுரத்தைச் சேர்ந்த ராபர்ட் பனிப்பிள்ளையும் ஃபிரண்ட்ஸ் ஆஃப் மரைன் லைஃப் அமைப்பும் செய்த பணி இங்கே குறிப்பிடத்தக்கது. தூண்டில்காரரின் வாய்மொழி அறிவைத் தொகுத்து, அவர்கள் காட்டிய பார்களில் முக்குளித்து இறங்கி, கண்டதைப் படமெடுத்துப் பதிவுசெய்தார்கள். பாரின் பெயரும் ஆழமும் உயிர்களும் முதலில் இருந்தது தாளில் அன்று, மீனவர் நினைவில்.

பெருமீன்கள் அரசுப் பதிவேட்டுக்குள் வந்தது பெரும்பாலும் இறந்தபோதும் வலையில் சிக்கியபோதும்தான். 1973 ஜனவரியிலும் 2016 ஜனவரியிலும் திருச்செந்தூரை அடுத்த கரையில் பைலட் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியபோது செய்தி நாடெங்கும் பரவியது. திமிங்கிலச் சுறாவின் அறிவியல் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது: 1828இல் ஆண்ட்ரூ ஸ்மித் தென்னாப்பிரிக்காவின் டேபிள் விரிகுடாவில் ஈட்டியெறிந்து பிடிக்கப்பட்ட ஒன்றைக் கொண்டு அதற்குப் பெயரிட்டார். மீன்களிலேயே மிகப் பெரியதான இது, வாயைத் திறந்தபடி நீந்தி நுண்ணுயிர்களை வடித்துத் தின்கிறது, மனிதரைத் தீண்டுவதில்லை.

குஜராத் கரையில் ஈரலெண்ணெய்க்காகவும், பின்னர் ஏற்றுமதி இறைச்சிக்காகவும் நடந்த திமிங்கிலச் சுறா வேட்டையை மைக் பாண்டேயின் ‘ஷோர்ஸ் ஆஃப் சைலன்ஸ்’ படம் வெளிக்கொணர்ந்தது. 2001 மே மாதம் இந்த மீன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. சிக்கல் அடுத்த அடியில் வந்தது. அதே ஆண்டு ஜூலையில் சுறா, திருக்கை இனங்கள் அனைத்தையும் பிடிக்கத் தடை விதிக்கப்பட்டது. நீரோடி முதல் இரயுமன்துறைவரை தூத்தூர் வட்டாரத்தின் எட்டு ஊர்களும் ஆழ்கடல் சுறாப் பிடிப்பையே தொழிலாகக் கொண்டவை. ஓர் அறிவிப்பில் அவர்களுடைய முழுத் தொழிலும் குற்றமாயிற்று. எதிர்ப்புக்குப் பின் டிசம்பரில் தடை, திமிங்கிலச் சுறாவையும் சேர்த்துப் பத்து இனங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. வேளாவும் அந்தப் பத்தில் அடக்கம். எந்தச் சுறா எந்த ஆழத்தில், எந்த மாதத்தில் வரும் என்று இந்தியாவிலேயே மிக நன்றாக அறிந்திருந்த மக்களைச் சட்டம் முதன்முதலில் சந்தித்தது குற்றவாளிகளாகத்தான். பின்வந்த பாதுகாப்புத் திட்டங்கள் மீதான ஐயம் இந்தக் கரையில் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் அந்த ஐந்து மாதங்களை மறந்துவிடக் கூடாது.

குஜராத்தில் பிறகு நடந்தது வேறுவிதம். 2004இல் தொடங்கிய இயக்கத்தில், தாய்வீட்டுக்கு வரும் மகளாக அந்த மீனை உருவகித்து மொராரி பாபு பேசினார். வலையை அறுத்து மீனை விட்டவர்களுக்கு வனத்துறை வலையின் விலையைக் கொடுத்தது. நூற்றுக்கணக்கான மீன்கள் உயிரோடு திரும்பின. 2017இல் இந்தியக் காட்டுயிர் அறக்கட்டளை இந்தப் பணியைக் கேரளத்துக்கும் கொண்டுவந்தது. திருவனந்தபுரக் கரையில் கரைமடியில் மாட்டிய திமிங்கிலச் சுறாக்களை மீனவர்களே மீண்டும் கடலுக்குள் தள்ளிவிட்ட செய்திகள் அதன்பின் அவ்வப்போது வருகின்றன. கரைமடி இழுத்தவர்கள் அறிவார்கள்: ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள ஓர் உயிரை அலைக்கு எதிராகத் திருப்புவது முழு ஊரின் வேலை. அன்றைய மீனும் போகும், வலையும் கிழியும்.

இங்கேதான் ஸ்நார்க்கலிங் மீண்டும் கதைக்குள் வருகிறது. திமிங்கிலச் சுறா ஒவ்வொன்றின் உடற்புள்ளிகளும் தனித்தன்மை உடையவை. வானியலாளர்கள் விண்மீன் கூட்டங்களைப் பொருத்திப் பார்க்க உருவாக்கிய கணிப்புமுறையை 2005இல் இந்தப் புள்ளிகளுக்குப் பயன்படுத்தினார்கள். செவுளுக்குப் பின்னுள்ள விலாப்பகுதியின் ஒளிப்படம் ஒன்று போதும்; எந்த மீன், முன்பு எங்கே காணப்பட்டது என்று சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியாவின் நிங்கலூவில் பயணிகள் எடுத்த படங்கள் இப்படி அறிவியல் தரவாயின. அங்கே ஒரு மீனைச் சுற்றி நீரில் பத்துப் பேருக்கு மேல் இறங்கக் கூடாது; மூன்று மீட்டர் விலகி நிற்க வேண்டும்; தொடக் கூடாது. பிலிப்பைன்சின் ஒஸ்லோபில் 2011 முதல் இறால் ஊட்டி மீன்களை ஒரே இடத்தில் நிறுத்திவைக்கிறார்கள். பணம் உள்ளூர் மீனவர்க்கே போகிறது என்பது அதன் நல்ல பக்கம். மீனின் இயல்பு நடத்தை மாறுவதும் படகுகளால் காயம்படுவதும் மறுபக்கம்.

பொழியூருக்கும் நீரோடிக்கும் எந்த முன்மாதிரி வரும் என்பது முடிவாகவில்லை. வந்தால் முதல் சிக்கல் நாட்காட்டியிலேயே இருக்கிறது. கேரளத்தின் இழுவலைத் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி 52 நாள் நீடிக்கிறது. கன்னியாகுமரி மேற்குக் கரையின் தடை ஜூன் 1இல் தொடங்கிவிடுகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல்வரை மீன்பிடிப்பு அந்தந்த மாநிலத்தின் அதிகாரம். மீனோ வனவிலங்குச் சட்டத்தின் கீழ். ஆக ஒரே மீன் ஒரே காலையில் இரண்டு மாநிலங்களின் மீன்துறைகளையும் இரண்டு வனத்துறைகளையும் கடந்து நீந்தக்கூடும். 2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியபோது, அதிலிருந்த நெகிழிக் குருணைகள் திருவனந்தபுரத்திலும் கன்னியாகுமரியிலும் ஒருசேரக் கரை ஒதுங்கின. நீரை வடித்துத் தின்னும் உயிருக்கு அந்தக் குருணை என்ன செய்யும் என்ற கேள்வியும் இரு மாநிலங்களுக்கும் பொதுவானதே.

குஜராத்தில் 2012இல் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். மீட்பைச் சரிபார்க்க அதிகாரி கடலுக்கு வந்து சேரும்வரை மீன் வலையில் கிடக்க வேண்டியிருந்தது. அதைத் தவிர்க்க, மீனவர் கையிலேயே நீர்புகாத ஒளிப்படக் கருவியைக் கொடுத்தார்கள். அவர் எடுத்த படமே சான்றாக ஏற்கப்பட்டது. இழப்பீடும் அதன்பேரில் வழங்கப்பட்டது. விழிஞ்ஞம் முதல் முட்டம்வரை சிப்பிக்கு முங்குபவர்கள் ஆண்டில் பல மாதங்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு நீருக்கடியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இன்னும் உளி மட்டுமே இருக்கிறது.