மோதப் பிறந்த வளையம்

ஜப்பானின் தகாரா நிறுவனம் 1999-இல் கடைகளுக்கு அனுப்பிய பேபிளேடு பம்பரத்தைக் கழற்றினால் நான்கு பாகங்கள் கைக்கு வரும். உச்சியில் மிருகச் சித்திரம் பதித்த சில்லு. நடுவில் கனம் கூட்டும் உலோகத் தட்டு. அடியில் தரையைத் தொடும் முனை. இவற்றோடு, விளிம்பெல்லாம் மேடும் பள்ளமுமாக ஒரு பிளாஸ்டிக் வளையம். அதற்கு வைத்த பெயர் ‘அட்டாக் ரிங்’. தற்காப்புக்கென்றே செய்த பம்பரத்திலும் அந்த வளையத்தின் பெயர் அதுதான். ஆனால் வளையம் கூராக இருந்துவிட்டால் மட்டும் தாக்குதல் ஜெயித்துவிடாது என்பதைக் கற்றுக்கொள்ள, செய்தவர்களுக்கும் ஆடியவர்களுக்கும் பல தலைமுறைப் பம்பரங்கள் தேவைப்பட்டன.

இதன் மூதாதை பேகோமா. எடோ காலத்தில் கடல் நத்தையின் ஓட்டுக்குள் மணலை அடைத்து, மெழுகால் மூடி, கயிறு சுற்றி விட்டார்கள். பிறகு ஓட்டுக்குப் பதில் ஈயம் வந்தது; 20-ஆம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு வந்தது. டோக்கியோவை ஒட்டிய சைதாமா மாநிலத்தில், வார்ப்படத் தொழிலுக்குப் பேர்போன கவாகுச்சி நகரம் இந்தப் பம்பரத்துக்கும் பேர்போனது. வாளி அல்லது பீப்பாயின் வாயில் கித்தான் துணியைச் சற்றுக் குழிவாக இழுத்துக் கட்டினால் களம் தயார். துணியை விட்டு வெளியே தள்ளப்பட்ட பம்பரம் தோற்றது. அதை ஜெயித்தவன் எடுத்துக்கொண்டு போய்விடுவான்.

விளையாட்டில் தேர்ந்த பையன்கள் கடையில் வாங்கியதை அப்படியே களத்தில் இறக்க மாட்டார்கள். அரத்தால் அராவி உயரத்தைக் குறைப்பார்கள், மூலைகளைக் கூராக்குவார்கள். தாழ்ந்த பம்பரம் எதிரியின் அடிவயிற்றுக்குக் கீழே நுழைந்து அதைத் தூக்கி எறியும். இதில் ஒரு சிக்கல் உண்டு. அராவிய இரும்பு திரும்ப வளராது. ஒரு மூலை சரியா தவறா என்று பார்க்க ஒரு பம்பரத்தையே பணயம் வைக்க வேண்டும்.

பழைய விளையாட்டைப் புதிய பொம்மையாக்குவது தகாராவுக்குக் கைவந்த கலை. கோலிக்குண்டு விளையாட்டை 1993-இல் பி-டாமன் என்ற பொம்மையாக்கியதும் அவர்கள்தான். பேகோமாவில் அவர்கள் செய்த பெரிய மாற்றம், அரத்தின் வேலையைக் கழற்றி மாட்டும் பாகத்துக்குக் கொடுத்தது. கயிற்றுக்குப் பதில் பல் வைத்த பிளாஸ்டிக் பட்டை. பம்பரத்தை ஏவும் லாஞ்சரில் செருகி இழுத்தால் போதும். இந்தப் பம்பரத்தை வைத்துத் தகாவோ அவோகி வரைந்த படக்கதை கோரோகோரோ காமிக் இதழில் வந்தது. 2001-இல் தொலைக்காட்சித் தொடரும் வந்தது. பாகங்கள் கழன்று வருவதால், வளையத்தை மட்டும் மாற்றி மாட்டி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, எது நன்றாக அடிக்கிறது என்று ஒரு சிறுவனால் சோதிக்க முடிந்தது.

சோதித்ததில் முதலில் தெரியவந்தது, தாக்குபவனின் கஷ்டம். அடி எதிரிக்கு எவ்வளவோ அவ்வளவு அடித்தவனுக்கும் திரும்பி வரும். களம் முழுக்க ஓடி மோத வேண்டுமானால் முனை தட்டையாக, அகலமாக இருக்க வேண்டும். அப்படி இருந்தால் உராய்வு சுழற்சியைத் தின்றுவிடும். ஊசி முனைப் பம்பரமோ நடுவில் நின்றபடி நெடுநேரம் சுழலும். பேகோமாவில் வெளியே தள்ளுவதுதான் முக்கிய ஆட்டம். புதிய களத்தைச் சுற்றிச் சுவர் வந்தது; கடைசிவரை சுழன்றே வெல்வது எளிதாயிற்று. பொறுமைக்காரனுக்கு அது போதும். தாக்குபவன் தொடக்கச் சில நொடிகளுக்குள் காரியத்தை முடிக்காவிட்டால் தோல்விதான்.

ஆகவே வளையத்தின் வடிவம் நுணுக்கமானது. விளிம்பில் நிறைய பற்கள் இருந்தால் எதிரி உள்ளே வருவதற்குள் அடுத்த பல் வந்துவிடும், உரசலே மிஞ்சும். இரண்டு மூன்று பற்கள் மட்டும் இருந்தால் இடைவெளியில் எதிரி ஆழமாக நுழைவான். அடி முழுசாக விழும். பல்லின் முகம் சரிவாக இருந்தால் எதிரியைத் தூக்கும். செங்குத்தாக இருந்தால் தள்ளும். சுழலும் திசையும் கணக்கில் வரும். ஒரே திசையில் சுழலும் இரண்டு பம்பரங்கள் தொடும் இடத்தில் விளிம்புகள் எதிரெதிராக ஓடுவதால் அடி பலமாக விழும். எதிர்த்திசையில் சுழன்றால் விளிம்புகள் ஒரே பக்கம் ஓடும், மோதல் மென்மையாகிவிடும். 2009-இல் வந்த இடச்சுழற்சிப் பம்பரம் லைட்னிங் எல்-டிராகோவின் மவுசுக்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

தகாராவும் டோமியும் 2006-இல் ஒன்றானபின், 2008-இல் வளையம் உலோகமாயிற்று. அடி கனத்தது, திரும்பி வரும் அடியும் கனத்தது. 2015-இல் வந்த பேபிளேடு பர்ஸ்ட் வேறு வழியைப் பிடித்தது. பாகங்களைப் பிடித்து வைக்கும் பூட்டு, அடி விழ விழ நழுவும். கடைசியில் பம்பரம் களத்திலேயே சிதறும். சிதறடித்தால் 2 புள்ளி. எதிரி நின்றபின்னும் சுழன்றுகொண்டிருந்தால் 1 புள்ளி. தாக்குதலுக்குக் கூலியை உயர்த்தினால்தான் தாக்கும் பாகம் பிழைக்கும் என்பது அங்கே விதியாகவே வந்துவிட்டது.

2023 ஜூலையில் வந்த பேபிளேடு எக்ஸ் களத்தையும் மாற்றியது. விளிம்பை ஒட்டிப் பல் வைத்த தண்டவாளம். பம்பரத்தின் அடிமுனையில் பற்சக்கரம். இரண்டும் கவ்விக்கொண்டால் பம்பரம் திடீரென்று சீறிப் பாயும். தட்டை முனை அடிக்கடி விளிம்புக்கு ஓடுவதால் இந்த வேகம் பெரும்பாலும் தாக்குபவனுக்கே கிடைக்கிறது. முதலில் வந்த டிரான்சோர்டு 3-60எஃப்-இன் பெயரிலேயே சேர்க்கை தெரியும்: 3 என்பது நடுப்பாகத்தின் புடைப்புகள், 60 என்பது 6.0 மில்லிமீட்டர் உயரம், எஃப் என்பது தட்டை முனை. பேகோமாவை அராவிய பையன் தேடிய தாழ்வு இப்போது எண்ணாகவே அச்சாகிறது.

புள்ளிகளும் அதற்கேற்பத்தான். சுழன்று ஜெயித்தால் 1; சிதறடித்தாலோ பக்கத்துக் குழிகளில் தள்ளினாலோ 2; அந்தக் குழிகளுக்கு நடுவிலுள்ள எக்ஸ்ட்ரீம் குழியில் தள்ளினால் 3. முதலில் 4 புள்ளி எடுத்தவர் வெற்றி.

ஒரு தாக்கும் பாகத்தை எடைபோடும்போது எத்தனை முறை ஜெயித்தது என்று மட்டும் எண்ணுவது அதனால் ஏமாற்றும். பத்துச் சுற்றில் அது நான்கை எக்ஸ்ட்ரீம் குழியில் தள்ளி ஜெயித்து, ஆறில் சுழற்சி தீர்ந்து தோற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். வெற்றி நாலுக்கு ஆறு. புள்ளியோ 12-க்கு 6. அந்த ஆறு தோல்வியில் இரண்டு, மோதிய வேகத்தில் தானே எக்ஸ்ட்ரீம் குழியில் போய் விழுந்தவை என்றால் எதிரிக்கு 10 புள்ளி, ஆதாயம் பெருமளவு கரைந்துவிடும். ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு வெற்றியும் எப்படி வந்தது, ஒவ்வொரு தோல்வியும் யாரால் வந்தது என்று தனித்தனிப் பத்தி வேண்டும். லாஞ்சரும் விடும் சாய்வும் மாறக்கூடாது. ஒரே அச்சில் வந்த பாகங்களும் எடையில் சற்று மாறும் என்பதால் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். எதிரியாகக் குறைந்தது ஒரு தற்காப்புப் பம்பரத்தையும் ஒரு பொறுமைப் பம்பரத்தையும் நிறுத்த வேண்டும். இவ்வளவும் பார்த்தபின் ஒரு வளையத்தை ‘நல்ல வளையம்’ என்று சொன்னால், எந்தக் களத்தில், எந்தப் புள்ளிக் கணக்கில் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.