துணி நன்றி அட்டை

துணி நன்றி அட்டை என்பது, மடித்த தடித்த தாளின் முகப்பில் துணித்துண்டுகளை ஒட்டியோ தைத்தோ, பொத்தான், ரிப்பன், பாசிமணி போன்ற சிறு அணிகளைச் சேர்த்துக் கையால் செய்யப்படும் நன்றி மடல் ஆகும். தையல் வேலையில் மிஞ்சும் துண்டுகளே இதன் முதன்மை மூலப்பொருள் என்பதால் செலவு மிகக் குறைவு. தையல் இயந்திரம் இன்றியும் செய்யலாம். எனினும் துணியும் தாளும் இயல்பில் வேறுபட்டவை. துணி நீளும், சுருங்கும், நூல் பிரியும், பசையை உறிஞ்சும். தாளோ ஈரம் பட்டால் வளையும். இவ்வட்டைகளில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வேறுபாட்டிலிருந்தே தோன்றுகின்றன.

வரலாறு

வணிக நோக்கில் அச்சிடப்பட்ட முதல் கிறித்துமசு வாழ்த்து அட்டை 1843 ஆம் ஆண்டு இலண்டனில் என்றி கோல் என்பவரால் வெளியிடப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தைச் சேர்ந்த எசுதர் அவுலேண்டு, பின்னல்வேலை போன்ற தாளும் ரிப்பனும் ஒட்டிய வேலண்டைன் அட்டைகளைச் செய்து விற்றார். துணி அட்டைகள் பெருமளவில் பரவியது முதலாம் உலகப் போரின்போது (1914-1918) ஆகும். பிரான்சில் இருந்த படைவீரர்கள், மெல்லிய பட்டு வலைத்துணியில் பூத்தையல் செய்து தாள் சட்டத்தில் பொருத்தப்பட்ட அஞ்சலட்டைகளை வாங்கி வீட்டுக்கு அனுப்பினர். சிலவற்றில் பட்டு முகப்பே சிறு உறைபோல் அமைந்து, அதனுள் ஒரு குறுஞ்சீட்டு செருகப்பட்டிருக்கும்.

துணியைத் தெரிவு செய்தல்

நெருக்கமாக நெய்த பருத்தித் துணியே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. அட்டையில் துணிக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் 6 முதல் 8 செ.மீ. அளவே என்பதால் பெரிய பூ வேலைப்பாடுகள் அடையாளம் தெரியாமல் வெட்டுப்பட்டுவிடும். சிறு கட்டங்களும் மதுரைச் சுங்குடியின் புள்ளிகளும் இவ்வளவில் நன்கு விளங்கும். பின்னலாடைத் துணி இழுபடும். மெல்லிய பட்டில் பசை ஊறிக் கறையாகத் தெரியும்.

பெறுபவரோடு தொடர்புடைய துணி கிடைத்தால் அதுவே சிறந்தது. குழந்தையைக் கவனித்துக்கொண்ட செவிலியருக்கு அக்குழந்தையின் சிறுத்துப்போன சட்டைத் துண்டில் செய்த அட்டை, கடையில் வாங்கிய எந்த அட்டையாலும் சொல்ல இயலாததைச் சொல்லும். ஆனால் வெட்டிய சட்டை மீண்டும் சட்டையாகாது. எனவே முதலில் வேறு துணியில் ஒரு மாதிரி செய்து பார்த்த பின்னரே அதில் கத்திரிக்கோல் வைத்தல் வேண்டும். மடிப்புத் தையலின் உட்பக்கம், கீழ் ஓரம் ஆகிய இடங்களிலிருந்து எடுத்தால் உடையும் பெருமளவு தப்பும்.

புதுத்துணியை ஒருமுறை அலசி, கஞ்சி போட்டு இசுதிரி செய்துகொள்வது நல்லது. கஞ்சி ஏறிய துணி ஓரம் பிரியாமல் நேராக வெட்டுப்படும். இழையோட்டத்துக்கு நேராகவே வெட்டவேண்டும். மூலைவாட்டில் வெட்டிய துண்டு ஒட்டும்போது இழுபட்டுக் கோணலாகும்.

அடித்தாள்

சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள தாள் போதுமானது. ஏ5 அளவுத் தாளை (148 × 210 மி.மீ.) நடுவில் மடித்தால் ஏ6 அளவு அட்டை கிடைக்கும், இது சி6 உறைக்குள் சரியாக அமையும். தாளுக்கும் இழையோட்டம் உண்டு. தாளை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எத்திசையில் எளிதாக வளைகிறதோ அத்திசையில் மடிக்கவேண்டும். இல்லையேல் மடிப்பில் தாள் வெடித்து வெண்கோடு தெரியும்.

ஒட்டுதல்

வெள்ளைப் பசையை (பாலிவைனைல் அசிட்டேட்டு) நேரடியாகத் துணியில் தடவுவதே மிகுதியாகக் காணப்படும் பிழை. ஈரம் துணியின் மேற்பரப்புவரை ஊறுவதோடு அட்டையையும் வளைத்துவிடும். சட்டைக் கழுத்துப்பட்டையில் வைக்கப்படும் ஒட்டும் கேன்வாசைத் துணியின் பின்புறம் இசுதிரிப் பெட்டியால் ஒட்டிய பின் வெட்டினால், நூல் பிரிவதும் பசை ஊறுவதும் ஒருங்கே தவிர்க்கப்படும். பின்னர் அட்டையின் மீது பசையை மிக மெல்லிதாகத் தடவி, துணியை வைத்து, கனமான நூல்களின் கீழ் ஓர் இரவு வைத்திருத்தல் வேண்டும். ஒளிபுகும் ஒட்டுநாடா சில ஆண்டுகளில் பழுத்துத் துணியில் கறை ஏற்படுத்துவதால் தவிர்க்கத்தக்கது.

தையலும் எழுத்தும்

அட்டையில் தைக்கும்போது துளைகளை முன்கூட்டியே ஊசியால் இட்டுக்கொள்ள வேண்டும். துளைகளுக்கு இடையே 3 அல்லது 4 மி.மீ. இடைவெளி தேவை. இதனினும் நெருங்கினால் அஞ்சல்தலைத் தாளைப் போல அட்டை அவ்வரிசையிலேயே கிழியும். தாளில் தைத்த ஊசி மழுங்கும் என்பதால் அதைத் துணிக்கு மீண்டும் பயன்படுத்துவதில்லை.

"நன்றி" என்னும் சொல்லைத் துணியில் தைப்பது இவ்வட்டைகளில் வழக்கம். எழுத்தின் உயரம் 15 மி.மீ. அளவாவது இருந்தால்தான் றகரத்தின் வளைவுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தெளியும். சங்கிலித் தையலை விடப் பின்தையல் வளைவுகளுக்கு ஏற்றது. னகரத்தின் புள்ளிக்கு ஒரு பாசிமணியை வைப்பது அழகுதான். ஆயினும் மணி உதிர்ந்தால் சொல்லே பிழையாகிவிடும். முடிச்சுத் தையலால் இட்ட புள்ளி உதிர்வதில்லை.

அணிகள்

பொத்தான், சமிக்கி, ஜரிகைத் துண்டு, ரிப்பன் ஆகியன பரவலாகப் பயன்படுகின்றன. இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் சேர்த்தால் துணி மறைந்துவிடும். நெகிழிச் சமிக்கி சூட்டில் உருகுமாதலால் இசுதிரி வேலை அனைத்தும் முடிந்த பின்னரே அணிகளைச் சேர்க்கவேண்டும். பொத்தானை ஒட்டுவதினும் தைப்பதே உறுதி.

உட்தாள்

தையலின் பின்பக்க முடிச்சுகளை மறைக்க, அட்டையைவிடச் சற்றுச் சிறிய வெள்ளைத் தாள் உள்ளே ஒட்டப்படுகிறது. செய்தியை இத்தாளில் எழுதிய பின்னரே ஒட்டுவது அறிவுடைமை. எழுத்துப் பிழை நேர்ந்தால் ஒரு தாள் மட்டுமே வீணாகும், அட்டை தப்பும். எதற்காக நன்றி என்பதைக் குறிப்பாக எழுதுதல் வேண்டும். முகப்பில் மூன்று மணிநேரம் செலவிட்டுவிட்டு உள்ளே "உதவிக்கு நன்றி" என்று மட்டும் எழுதி முடிப்பது பரவலாகக் காணப்படும் குறையாகும். எந்த நாளில், எந்த உதவி, அதனால் என்ன நேர்ந்தது என்ற மூன்று வரிகள் போதும்.

அஞ்சலில் அனுப்புதல்

ஏ5 தாள் ஒன்று சதுர மீட்டரில் 32இல் ஒரு பங்கு ஆகும். எனவே மேற்கூறிய அடித்தாளின் எடை சுமார் 8 கிராம். உட்தாள், உறை, துணி ஆகியவற்றைச் சேர்த்தால் ஏறத்தாழ 15 கிராம் ஆகும். எடையைவிடத் தடிப்பே பெரிய இடர். உறைமீது முத்திரை குத்தும்போது பொத்தான் உடையலாம். அட்டை அடுக்கில் அழுந்தும்போது பொத்தான் எதிர்ப்பக்கத்தில் தடம் பதிக்கும். அஞ்சலில் செல்லும் அட்டைகளுக்குத் தட்டையான தையல் வேலையே ஏற்றது. பொத்தான் வைத்த அட்டைகளை நேரில் கொடுக்கலாம், அல்லது இரு கனத்த அட்டைகளுக்கு இடையே வைத்துப் பெரிய உறையில் அனுப்பலாம். போர்க்காலப் பட்டு அட்டைகளும் எளிதில் சேதமடைவன என்பதால் பெரும்பாலும் கடிதத்தோடு உறைக்குள் வைத்தே அனுப்பப்பட்டன; இன்று கிடைக்கும் அவ்வட்டைகள் பலவற்றின் பின்புறம் அஞ்சல்தலையோ முத்திரையோ இல்லாதிருப்பது இதனாலேயே.