பல் நீக்கமும் முகத்தின் பக்கத்தோற்றமும்: அமெரிக்கப் பல்சீரமைப்பியலில் ஒரு நூற்றாண்டு விவாதம்

வரிசை தப்பிய பற்களைச் சீராக்க, நலமான பற்கள் சிலவற்றைப் பிடுங்கலாமா என்னும் வினா பல்சீரமைப்பியல் தனித்துறையான நாள்தொட்டு நிலவுகிறது. தாடையின் இடஅளவு பற்றியதாகத் தோன்றும் இவ்வினாவுக்கு, எம்முகம் அழகியது என்னும் கருத்தை ஒட்டியே காலந்தோறும் விடை அமைந்தது.

1900இல் செயின்ட் லூயிஸ் நகரில் இத்துறைக்கெனப் பள்ளி நிறுவிய எட்வர்ட் ஆங்கிள், தொடக்கத்தில் சில நிலைகளில் மேல் முன்கடைவாய்ப் பற்களை நீக்குவதை ஏற்றவரே. 1907இல் வெளிவந்த தம் நூலின் ஏழாம் பதிப்பில் அதனைக் கைவிட்டார். அப்பல்லோ பெல்வெடேர் என்னும் பளிங்குச் சிலையின் முகத்தை அவர் முன்னர் அளவுகோலாகக் கொண்டிருந்தார். எல்லா முகங்களுக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என ஓவிய ஆசிரியர் எட்மண்ட் வூர்ப்பெல் உணர்த்தியபின், பற்கள் முழுமையாக இருந்து சரிவரப் பொருந்தினால் அவரவர்க்குரிய முக இசைவு தானே அமையும் என்னும் விதியை வகுத்தார். இதனால் முகத்தை நோக்கி முடிவெடுக்கும் தேவையே மறைந்தது என்பது கருதத்தக்கது.

இவ்விடத்தில்தான் சிகாகோவின் கால்வின் கேஸ் மாறுபட்டார். முகங்களுக்கே சாந்து வார்ப்பெடுத்து ஆராய்ந்த அவர், உதடுகள் மிகத் துருத்திய சிலருக்குப் பல் நீக்கம் இன்றியமையாதது என 1911ஆம் ஆண்டு விவாதத்தில் வாதிட்டார். அனைவர்க்கும் பல் நீக்குக என்று அவர் கூறவில்லை; எனினும் எதிரணி அவ்வாறே அவரைச் சித்திரித்தது. ஆங்கிளின் தரப்பே மேலோங்கியது.

அதனை அசைத்தவர் ஆங்கிளின் மாணவரே. பல் நீக்காமல் தாம் முடித்த பலரிடம் உதடுகள் துருத்தியிருந்ததையும் பற்கள் மீண்டும் நெருக்கமுற்றதையும் கண்ட அரிசோனாவின் சார்லஸ் ட்வீட், நான்கு முன்கடைவாய்ப் பற்களை நீக்கிக் கட்டணமின்றி மறுசிகிச்சை அளித்தார். 1940இல் அத்தகைய நூறு நேர்வுகளைத் துறையினர்முன் வைத்தார். அதன்பின் ஊசல் மறுமுனைக்குச் சென்றது. வட கரோலினாப் பல்கலைக்கழகச் சிகிச்சையகத்தில் பல் நீக்க விகிதம் 1953இல் 30 விழுக்காடு, 1968இல் 76, 1993இல் 28. மக்களின் தாடை நாற்பதாண்டில் இவ்வாறு விரிந்து சுருங்குவதன்று. மாறியது மருத்துவர் மனமே.

பல் நீக்கம் முகத்தைக் குழியச் செய்யும் என்பதே பிற்கால வீழ்ச்சிக்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. 1990களின் தொடக்கத்தில் லைசில் ஜான்ஸ்டன் குழுவினர், செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தில் முன்னர்ச் சிகிச்சை பெற்றோரை மீண்டும் அழைத்து அளந்தனர். இருவழிக்கும் இடைப்பட்ட நிலையினரிடையே பல் நீக்கியோரின் பக்கத்தோற்றம் சராசரியாக ஏறத்தாழ 2 மில்லிமீட்டரே தட்டையாக இருந்தது. தெளிவாகப் பல் நீக்கம் வேண்டியிருந்தோரின் முகமோ, சிகிச்சைக்குப் பின்னும் மற்றவர் முகத்தைவிடச் சற்றுத் துருத்தியே காணப்பட்டது.