மரத்தில் உருப்பெற்ற பளிங்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடித்தளம் மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். அதன் பெரும்பகுதி கல்சைற்று என்னும் கனியம். 1950இல் நிறுவப்பெற்ற காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை, போரினால் 1990இல் மூடப்படும்வரை அக்கல்லையே அரைத்துச் சுட்டது. ஆயினும் அதனுள் உறையும் பளிங்கு வடிவம் வெறுங்கண்ணுக்குப் புலப்படுவதில்லை; மணிகள் அத்துணை நுண்ணியவை.

காண இயலாத வடிவைக் கையிற் கொடுப்பதே மாதிரியின் பயன். 1783இல் பாரிசில் ரோமே த லீல் தமது பளிங்கியல் நூலோடு சுட்டமண் மாதிரிகளையும் வழங்கினார். பின்வந்த ஹாவுயி, கல்சைற்று எவ்வாறு உடைந்தாலும் ஒரே சரிவான அறுமுகக் கட்டிகளாகப் பிளப்பதைக் கண்டு தம் கொள்கையை வகுத்தார். அதனை விளக்கப் பேரி மரத்தில் மாதிரிகள் செதுக்கப்பெற்றன. இழை நெருங்கிய அம்மரத்தில் விளிம்பு சிதையாது. கல்சைற்றின் முகங்கள் 105 பாகையிற் சந்திப்பன. டொலமைற்றின் முகங்களோ 106 பாகையில். உளி ஒரு பாகை பிசகினால் கனியமே மாறிவிடும்!

ஹாவுயியின் பெயர் நிலைத்தது. உளி பிடித்தவரை நினைப்பவர் யார்?

யாழ்ப்பாண வழிவந்த ஆனந்த குமாரசுவாமி நினைத்தார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவைக்குத் தலைமை தாங்கியவர் அவர்; 1904இல் கனசதுர வடிவான தோரியனைற்று கண்டறியப்பட்டதிற் பங்குகொண்டவர். அவரே 1908இல், மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் கைவினைஞரின் தொழிலையும் வாழ்வையும் பதிவுசெய்தார்.

நம் வகுப்பறைகளுக்கும் இதுவே வழி. ஆசிரியர் கோணத்தை விளக்கட்டும். தச்சர் உளியைக் கையாளக் கற்பிக்கட்டும். மாணவன் தன் காலடிக் கல்லின் வடிவைத் தானே செதுக்கட்டும். மூளைக்கும் கைக்கும் இடையே சமுதாயம் எழுப்பிய சுவர் அங்கே தகரத் தொடங்கும்.