மேன் வார்த்த நாய்கள்

பிரெஞ்சுச் சிற்பி பார்யே ஒரு புலியை வடித்தார். முதலையைக் கவ்விய அந்தப் புலி 1831-இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் அவருக்குப் பெரும்பெயர் வாங்கித் தந்தது. ஆனால் 1837-இல், ஓர்லியான் கோமகனின் விருந்து மேசைக்காக அவர் செய்த விலங்குச் சிற்பங்களை அதே சலோனின் தேர்வுக்குழு திருப்பி அனுப்பிவிட்டது. மனித உருவமும் புராண நாயகர்களுமே உயர்ந்த கலை என்று நம்பிய காலம் அது. விலங்குகளைச் செய்பவர்களை விமர்சகர்கள் இளக்காரமாகவே பேசினார்கள்.

அந்த இளக்காரத்துக்கு நடுவே நாயையும் குதிரையையும் ஆட்டையும் மாட்டையும் வாழ்நாள் முழுக்க வடித்தவர் பியர்-ஜூல் மேன் (1810–1879). அவர் செய்தவை மேசைமேல் வைக்கும் அளவுக்குச் சிறியவை. பாரிஸின் நடுத்தர வசதிக் குடும்பங்கள் அவற்றை ஆசையோடு வாங்கின.

அவருடைய 'கௌதாரி வேட்டை'யைப் பாருங்கள். புதருக்குள் ஒரு கௌதாரி பதுங்கியிருக்கிறது. மோப்பம் பிடித்த இரண்டு நாய்கள் பாயவில்லை. அசையாமல் நின்று எசமானுக்கு இடத்தைக் காட்டுவதே அவற்றுக்குப் பழக்கிய வேலை. பாயத் துடிக்கும் உடம்பை அவை அடக்கிப் பிடித்திருக்கும் பாடு, நீட்டிய கழுத்திலும் விறைத்த தசையிலும் தெரிகிறது. வேடன் சிற்பத்தில் இல்லை. அவன் தேவைப்படவும் இல்லை. பந்தோடு விளையாடும் அவருடைய இரண்டு கிரேஹவுண்ட் நாய்களிலோ வேட்டைகூடக் கிடையாது, குதூகலம் மட்டும்தான். பார்யேயின் விலங்குகள் கொல்லும், சாகும். மேனின் நாய் நாயாக இருந்தாலே போதும். நாய்களைப் பொறுத்தவரை பார்யேயைவிட மேனே ஒரு படி மேல் என்பேன்.

விலங்குச் சிற்பங்களை இளக்காரமாகப் பார்த்த காலமும் மாறியது. பேரரசர் மூன்றாம் நெப்போலியன் வளர்த்த பாசெட் நாய்களைச் சிற்பி பிரெமியே வெண்கலத்தில் வடித்து 1853 சலோனில் வைத்தார்.

மேனுக்குச் சொந்த வார்ப்பட்டறை இருந்தது. அக்காலப் பாரிஸ் பட்டறைகளில் மூல உருவை நைஸான மணலில் பதித்து அச்செடுத்து, உருக்கிய வெண்கலத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் உளியால் ரோமத்தையும் நரம்பையும் கூர்மையாக்குவார்கள். கடைசியில் அமிலமும் சூடும் சேர்ந்து அந்தப் பழுப்பு நிறத்தைக் கொடுக்கும்.

மேன் இறந்தபின் மருமகன் ஒகூஸ்த் கேனும், பிறகு சூஸ் நிறுவனமும் அவருடைய உருவங்களை வார்த்தார்கள். இவை முறையானவை. போலிகளும் ஏராளம். வெண்கலம் ஆறும்போது சற்றுச் சுருங்கும். ஆகவே பழைய வார்ப்பின் மீதே அச்செடுத்த போலி அசலைவிடக் கொஞ்சம் சிறுத்திருக்கும், ரோமக் கோடுகளும் மழுங்கியிருக்கும். ஏலத்தில் மேனின் கையெழுத்துள்ள நாய் ஒன்றைக் கண்டால் உடனே நம்பிவிடாதீர்கள்; முதலில் அதன் அளவைக் கேளுங்கள்.