‘தான்’ எங்கிருந்து வந்தது?

செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைச் சுற்றி நடக்கும் சொற்பொழிவுகளில் ஒரு விளக்கம் ஓயாமல் காதில் விழுகிறது: ‘ஆத்மன்’ தேய்ந்து ‘தான்’ ஆயிற்றாம், அதனால்தான் பகவான் ரமணர் ஆத்மாவைத் ‘தான்’ என்றாராம். பொருள் சரி, பிறப்பு தப்பு. உபதேச உந்தியாரை அவர் முதலில் தமிழில் பாடினார், வடமொழியில் ஆக்கியது பிறகு. அதையாவது நினைத்துப் பார்க்கலாம்.

எதிர்க்கட்சிக்கு உருப்படியான சாட்சி ஒன்றுதான்: ரிக்வேதத்து ‘த்மன்’. அது தற்சுட்டாக வருவது உண்மையே. ஆனால் த்மனிலிருந்து ‘தான்’ வந்ததென்றால் ‘தாம்’ எங்கிருந்து குதித்தது? யான்–யாம், தான்–தாம், னகரம் ஒருமை, மகரம் பன்மை. வேற்றுமை உருபு ஏறினால் யான் ‘என்’ ஆகும், தான் ‘தன்’ ஆகும், தாம் ‘தம்’ ஆகும். தொல்காப்பியர் உருபியலில் இவற்றை ஒரே பந்தியில் உட்காரவைத்திருக்கிறார். இரவல் சொல்லுக்கு அந்தப் பந்தியில் இலை கிடைக்காது.

தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘தானு’. வடக்கே குடுக் மொழியில் ‘தான்’. பலூசிஸ்தானத்துப் பிராகூயியில் ‘தேன்’. அசிட், இரட், முசிட் என்று மூன்றுவரை சொந்தமாக எண்ணிவிட்டு, நான்கிலிருந்து ஈரானிய எண்களுக்குத் தாவிவிடும் மொழி அது. எண்ணையே பறிகொடுத்தும் தன்னை விடவில்லை.

அங்கே பக்கத்து வீடான பாரசீகத்திலும், ஒலியை நம்பிப் பிறப்புச் சொல்லும் இதே கூத்து உண்டு. தற்சுட்டுச் சொல் ‘குத்’. ‘குதா’ என்றால் கடவுள். ஆகவே ‘தானே வந்தவன்’ என்று பழைய அகராதிக்காரர்கள் பிரித்துவிட்டார்கள். பஹ்லவியில் அச்சொல்லுக்குத் தலைவன், அரசன் என்றே வழக்கு. மரக்கலத் தலைவனை ‘நாகுதா’ என்கிறோமே, அதுவும் அந்தக் குதாதான். கப்பலில் தானே வந்து ஏறியவனா அவன்? ‘குவீஷ்தன்’ என்று இன்னொரு தற்சுட்டும் அவர்களிடம் உண்டு. அதன் கடைசித் ‘தன்’ உடம்பு, வேதத்துத் ‘தனூ’வின் உறவு. நம் ‘தன்’னோடு முடிச்சுப் போடக் கை துறுதுறுக்கும். போடக்கூடாது.

ஒப்பிட ஆசையிருந்தால் கூட்டுவினையை ஒப்பிடலாம். தோற்றவன் பாரசீகத்தில் தோல்வியைத் தின்கிறான்: ‘ஷிகஸ்த் குர்தன்’. நம்மவனும் கட்டுண்டான், அறையுண்டான். வசூல், ரத்து முதலியவை அங்கே ‘கர்தன்’ சேர்ந்து வினையாகும். இங்கே வந்ததும் ‘செய்’யோடு ஒட்டிக்கொண்டன. ஆனால் ‘கொள்’ளுக்கு ஈடாக ஒரு துணைவினை அவர்களிடம் இல்லை. ‘தன்னைக் கேட்டுக்கொண்டான்’ என்பதில் செயல் செய்தவனிடமே திரும்புவதை நாம் பெயரிலும் சொல்கிறோம், வினையிலும் சொல்கிறோம். பாரசீகத்தில் தற்சுட்டுப் பெயர் மட்டுமே அந்தப் பாரத்தைச் சுமக்கிறது. டீக்கடையில் “சாமி, சர்க்கரை இல்லாம கேட்டது நீங்கதானே?” என்பதில் வரும் அழுத்தத் ‘தான்’கூட இந்தத் தானேதான். தற்சுட்டே அழுத்தமாகவும் நிற்பது ‘குத்’துக்கும் உள்ள குணம்.

‘தாம்’ எப்படி வந்தது, ‘என்’னைப் போலவே ‘தன்’ ஏன் குறுகியது என்று த்மன் கட்சியார் முதலில் சொல்லட்டும். தான் தமிழ்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.